சூடானால் மட்டும் வரும் சத்தம்

நிதானம் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. லோடு வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில் வைத்தது. "நிதானம் கிளம்பிட்டாருப்பா, எப்படியும் நாளைக்குள்ள போய்ச் சேந்துருவார்" என்று சக டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கண்ணாடிக் கடையின் பிக்கப்பை ஓட்டுகிற ஆளுக்கு அதைவிட நல்ல பெயர் கிடைத்துவிடாது. ஆள் உயரக் கண்ணாடிகளைச் சாய்வான இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, நடுநடுவே கம்பளித் துண்டுகளைச் செருகி, பட்டை போட்டு இறுக்கிக் கொண்டுபோக வேண்டும். ஒரு பள்ளத்தில் அலட்சியமாக இறக்கிவிட்டால், பின்னால் கேட்கும் சிலீர் சத்தத்துக்கு யாரிடமும் சமாதானம் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவர் ஓட்டிய வண்டியும் ஒருமுறை விபத்தில் சிக்கியது. கண்ணாடிக் கடைக்கு வருவதற்கு முன்னால், வேறொருவரின் வேனை ஓட்டிய காலம் அது. நேரான சாலை, பட்டப்பகல், அவருடைய வழக்கமான வேகம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டு ஒன்று திடீரென்று அறுந்து சக்கரம் மடங்கிக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓரத்துச் சுவரில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, முழங்கால் நொறுங்கிப்போனது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்தும் அந்தக் கால் மடங்கவில்லை. ஊன்றுகோல் நிரந்தரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ்வளவு பெரிய இரும்பு அறுந்திருக்கு. முன்னாடி ஒரு சத்தம்கூடவா உங்களுக்குக் கேக்கல?"

"இல்லைங்க அத்தை."

அது உண்மைதான். மாமியார் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் நம்பினாரா இல்லையா என்பது தெரியாமலேயே வருடங்கள் ஓடின. போகப்போக நிதானத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏதாவது கேட்டிருக்குமோ? கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டோமோ?

அன்றிலிருந்து வண்டியில் பாட்டுப் போடுவதை விட்டுவிட்டார். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சளசளவென்று பேசினால், "கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். காலையில் ஸ்டீரிங்கைப் பிடித்ததும் விரல்கள் லேசாக நடுங்கும். இரண்டு தெரு தாண்டினால் நின்றுவிடும். அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மச்சினன் எப்போதும்போல "மாமா, மாமா" என்று ஒட்டுதலாகத்தான் இருந்தான். ஆனால் அவர் ஓட்டும் எந்த வண்டியிலும் அதற்குப் பிறகு அவன் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஊருக்கு வெளியே, கல் உடைக்கும் குவாரியை ஒட்டி ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அதன் உச்சியைத் தாண்டினால் மறுபக்கம் அதைவிட நீண்ட இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் புதிதாக ஒரு குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அத்தனை ஜன்னலுக்கும் கண்ணாடி இவர்களுடையது. தினமும் லோடு போனது.

ஒரு மத்தியானம், ஏற்றத்தின் பாதியில், கியர் தண்டில் வைத்திருந்த அவருடைய உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது. கை மரத்துப்போய் உயிர் வருகிறபோது இருக்குமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது சீட்டுக்கு வந்தது, பிறகு ஸ்டீரிங்குக்கு. அதற்கு அடியில், எஞ்சின் சத்தத்தோடு சத்தமாக, டொக் டொக் என்று ஒரு மந்தமான தட்டல். காலைத் தளர்த்தினால் குறைந்தது. மிதித்தால் திரும்ப வந்தது.  உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து இறக்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது சத்தம் இல்லை. வண்டி சாதுவாக வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மெக்கானிக்கிடம் விட்டார். டயர்க் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. மெக்கானிக் அவரைவிட வயதில் சின்னவர், கைராசிக்காரர், எப்போதும் ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் செருகியிருக்கும். எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். பானட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார்.

"அருமையா ஓடுதேண்ணே!"

"ஏத்தத்துல வருது தம்பி. லோடு இருக்கும்போது."

மெக்கானிக் அலட்சியக்காரர் இல்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினார். சக்கரங்களை பேலன்ஸ் பார்த்தார். அடுத்த முறை போனபோது சைலன்சர் கிளாம்பை இறுக்கினார். அதற்கடுத்த முறை அவராகவே ஓட்டிப் பார்த்தார். பட்டறையிலிருந்து கடைத்தெரு முனை வரை போய், காலை வெயிலில் ஹாயாகத் திரும்பி வந்தார். ஒவ்வொரு முறையும் வண்டி வாலைச் சுருட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றது. ஒவ்வொரு மத்தியானமும் ஏற்றத்தில் தன் வேலையைக் காட்டியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மெக்கானிக் கடைசியில். "வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க ரெண்டு நாள் நல்லாத் தூங்கி எந்திரிங்க."

கடையை நடத்துகிற அம்மாவும் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பின்னாடி கண்ணாடி அதிருற சத்தமா இருக்கும்ணே" என்றார். அதை அவரும் யோசிக்காமல் இல்லை. கம்பளித் துண்டுகளை இரண்டு மடங்காக வைத்துக் கட்டிப் பார்த்திருந்தார். சத்தம் அப்படியேதான் இருந்தது. ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து அவர் கேட்டுக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். "நிதானம் டாக்டருக்குப் படிக்கிறாருப்பா. எனக்குக்கூட ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு, வச்சுப் பாருங்க டாக்டர்" என்று ஒருவன் சட்டைப் பட்டனைக் கழற்றினான். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவரால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"தினமும் வருதா?"

"தினமும்."

"காலையிலயா, மத்தியானமா?"

"மத்தியானம்."

"கையில மட்டுமா, உக்காந்திருக்கிற இடத்துலயும் தெரியுதா?"

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. வண்டி நடுங்குகிறதா, நீங்கள் நடுங்குகிறீர்களா என்றுதான் மனைவி கேட்கிறார்.

"நாளைக்கு நீயே வந்து உக்காந்து பாரு" என்றார் கோபத்தை அடக்கிக்கொண்டு.

மனைவி வந்தார். ஆனால் மத்தியானம் தைத்த திரைச்சீலைகளைக் கொடுக்கிற வேலை இருந்ததால் காலையிலேயே வந்தார். காலி வண்டியில் ஏற்றம் ஏறி, உச்சியில் திருப்பி, இறங்கி வந்தார்கள். வழி முழுக்க மனைவி உள்ளங்கையை டேஷ்போர்டில் பதித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமலேயே, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றார்.

அன்று சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளே மனைவி தம்பியோடு போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "இல்லடா... வண்டியில ஒண்ணும் இல்ல. எல்லாரும் பாத்துட்டாங்க. அவருக்குக் கைதான் நடுங்குது. எனக்குப் பயமா இருக்கு. வண்டி ஓட்டுறதையே விட்டுறச் சொல்லலாமான்னு பாக்குறேன்."

குழாயை நிறுத்தாமல் அப்படியே நின்றார். வாளி நிரம்பி வழிந்தது. மனைவி சொன்னது பொய்யாக இருந்தால் கத்தியிருப்பார். அது பொய்தானா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கேட்காத சத்தத்தைக் கேட்டதாக நினைக்கிற ஆள், அன்று விபத்துக்கு முன் கேட்ட சத்தத்தைக் கேட்கவில்லை என்றும் நினைத்திருக்கலாம் அல்லவா?

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஊன்றுகோல் முதலில் இறங்கியது, பின்னாலேயே மச்சினன். அவன் ஃபேன், மிக்ஸி, பம்ப் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்தான். அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை.

"என்ன மச்சான், இந்த வெயில்ல?"

"வண்டியைப் பாக்கலாம்னு வந்தேன் மாமா."

"அக்கா சொன்னாளா?"

"அக்கா என்னென்னமோ சொல்லுச்சு. அது கிடக்கட்டும். சூடானா மட்டும் வர்ற கோளாறு நிறைய இருக்கு மாமா. வீட்டுல மிக்ஸி உயிர் போற மாதிரி கத்துதுன்னு தூக்கிட்டு வருவாங்க. எங்கிட்ட வந்ததும் கப்சிப்புன்னு ஆயிரும். அரை மணி நேரம் எதையாவது போட்டு அரைச்சாத்தான் வாயைத் திறக்கும். உங்க மெக்கானிக் காலையில, காலி வண்டியில பாத்திருக்கார். இது மத்தியானம், லோடோட பாக்க வேண்டிய கேஸ்." கதவின் கைப்பிடியில் கை வைத்தான். "நான் வர்றேன்."

 வேண்டாம் என்று நிதானம் சொல்வதற்குள் மச்சினன் சீட்டைப் பின்னால் தள்ளி, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டான். பெல்ட்டை அவனே இழுத்து மாட்டினான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

 எதிரே லாரி வரும்போதெல்லாம் ஊன்றுகோலைப் பிடித்திருந்த மச்சினனின் விரல்கள் வெளுப்பதை நிதானம் ஓரக்கண்ணால் பார்த்தார். அவருடைய விரல்களும் ஸ்டீரிங்கில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அன்றைக்கு இரண்டு தெருவோடு அது நிற்கவில்லை.

ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியர். எஞ்சின் முக்கி முக்கி இழுத்தது. ஒன்றும் இல்லை. குவாரியின் வாசல் போனது. ஒன்றும் இல்லை. இத்தனை வருட டிரைவர் வாழ்க்கையில், வண்டியில் கோளாறு வரட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதை நினைக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. சத்தம் வராது. மச்சினன் வீட்டுக்குப் போய் அக்காவிடம் அதைச் சொல்வான். அப்புறம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பாதி ஏற்றத்தில் உள்ளங்கையில் குறுகுறுப்பு வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாமாகச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். சீட் அதிர்ந்தது. டொக்... டொக்... டொக்.

"மாமா."

"ம்."

"எனக்கும் கேக்குது."

 "எங்கேருந்து?"

"முன்னாடியிருந்து. கட்டையில நல்லாத் தெரியுது." ஊன்றுகோலின் அடி வண்டியின் தரையில் பட்டுக் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க மாமா. இறக்கத்துக்கு முன்னாடி நிறுத்துங்க."

உச்சியில், ஆள் இல்லாத பழைய செக்போஸ்ட்டின் பக்கத்தில் சமதளம் இருந்தது. அங்கே ஓரங்கட்டினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மெதுவாக ஓடும்போது அதிர்வு பெரிதாக இல்லை.

"நியூட்ரல்ல போட்டு மிதிங்க" என்றான் மச்சினன், வெளியே நின்றபடி.

மிதித்தார். ஒரு அளவைத் தாண்டியதும் அதே நடுக்கம், அதே தட்டல். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படியென்றால் சக்கரம் இல்லை, பின்னால் ஓடும் ஷாஃப்ட்டும் இல்லை. கிளட்சை மிதித்துக்கொண்டு மறுபடி முடுக்கினார். மாற்றம் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. மிச்சம் இருப்பது எஞ்சின் மட்டும்.

நிதானம் பானட்டைத் திறந்து குனியப் போனார். மச்சினன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நேருக்கு நேரா நிக்காதீங்க மாமா. சுத்துற சாமானுக்குப் பக்கவாட்டுல நிக்கணும். ஃபேன் இறக்கை கழண்டு வந்து என் கடைச் சுவத்துல குத்தி நின்னிருக்கு."

பக்கவாட்டில் நின்று பார்த்தார்கள். எஞ்சினின் முன்பக்கம், அடியில், பெரிய பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லி. நேராகச் சுழல வேண்டிய அது, உள்ளேயும் வெளியேயும் தலையை ஆட்டிக்கொண்டு சுழன்றது. தெளிவாக, கண்ணுக்கு முன்னாலேயே.

எஞ்சினை நிறுத்தினார். அந்தப் புல்லி ஒரே இரும்பு அல்ல. நடுவில் ஒன்று, வெளியே வளையமாக ஒன்று, இரண்டுக்கும் இடையில் அதிர்வைத் தாங்கிக்கொள்ள ரப்பர். அந்த ரப்பர் விட்டுப்போயிருந்தது. ஆறியிருக்கும்போது இறுக்கிப் பிடிக்கும். சூட்டில் இளகி விட்டுவிடும். வெளி வளையம் நகக்கண் அளவுக்கு முன்னால் நகர்ந்து வந்திருந்தது. அது தலையாட்டியபோது பின்னால் இருந்த மூடியில் உரசிய இடம் புதுக் காசு மாதிரிப் பளபளத்தது. சுற்றிலும் கருப்பு ரப்பர்த் தூள். தீய்ந்த வாடை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"புல்லியா? எல்லா வண்டியிலயும் லேசா ஆடும்ணே. மெதுவா இறக்கிட்டு வாங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்."

போனை வைப்பதற்குள் கடை அம்மா கூப்பிட்டார். அங்கே ஆட்கள் ஏணி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள், கண்ணாடி எங்கே என்று குடியிருப்பில் கேட்கிறார்கள். விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே இறக்கம்தானேண்ணே. எஞ்சினுக்கு வேலையே இல்லையே. அப்படியே உருட்டிட்டுப் போயிரலாமே."

நிதானம் இறக்கத்தைப் பார்த்தார். வெயிலில் சாலை நெளிந்தது. கீழே, தூரத்தில், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வலது கை நடுங்கியது. போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தேர்ந்த மெக்கானிக் ஒன்றும் இல்லை என்கிறார். முதலாளி போ என்கிறார். ஒருவேளை எல்லா வண்டியிலும் புல்லி ஆடத்தான் செய்யுமோ?

"இறக்க மாட்டேம்மா" என்றார்.

"என்னண்ணே?"

"வண்டி இங்கேருந்து நகராது. நீங்க வேற டிரைவரை அனுப்பினாலும் சாவியைக் குடுக்க மாட்டேன்."

 அவரிடமிருந்து இப்படியொரு பேச்சை அந்த அம்மா கேட்டதில்லை. "மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்றேன்" என்றார் விறைப்பான குரலில். "அவர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா நீங்க இறக்கித்தான் ஆகணும்."

மெக்கானிக் பைக்கில் வந்தபோது முகம் சிவந்திருந்தது. வெயிலாலா, எரிச்சலாலா, சொல்ல முடியாது. வண்டியின் முன்னால் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக் குனிந்தார். "போட்டு மிதிங்க, பாப்போம்."

"முன்னாடி நிக்காத தம்பி."

"அட, போடுங்கண்ணே."

"தள்ளி நில்லு. அப்பத்தான் போடுவேன்."

மெக்கானிக் மச்சினனைப் பார்த்து, 'பாத்தீங்களா இவரை' என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தார். நிதானம் சாவியைத் திருப்பி மிதித்தார். தட்டல் வந்தது. "ஆமா, கேக்குது" என்றார் மெக்கானிக், தலையை ஒருபக்கம் சாய்த்து. குரலில் இருந்த கேலி போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் மிதிங்க."

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். வண்டி முழுக்க ஒரு உதறல். ஏதோ ஒன்று ரேடியேட்டரில் மோதி, கீழே விழுந்து, தாரில் கணகணவென்று உருண்டு சாலையைக் குறுக்கே கடந்து புதருக்குள் போய் விழுந்தது. அறுந்த பெல்ட் சாட்டை மாதிரிப் பானட்டின் உட்புறத்தை அடித்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது. நிதானத்தின் கை தானாகவே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியிருந்தது.

 கண்ணாடிகள் பின்னால் கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு அடங்கின. மெக்கானிக் தான் முதலில் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கொதிக்கும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஆவி தணிந்ததும் மெக்கானிக் டிரைவர் சீட்டில் ஏறினார். சில நொடிகளுக்கு மட்டும் எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்தார். ஒருமுறை இறங்கியது. இரண்டாவது முறை பாதி. மூன்றாவது முறை பெடல் கல்லாக நின்றது. அந்த வண்டியில் பிரேக்குக்கு வலுக் கொடுக்கும் பம்ப் அந்தப் பெல்ட்டின் தயவில்தான் ஓடியது. ஸ்டீரிங்கைத் திருப்பினார், அதுவும் மல்லுக்கட்டியது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அண்ணே, இவ்வளவு லோடோட, இந்த இறக்கத்துல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பாட்டில் தண்ணீரை வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு புதருக்குள் இறங்கி அந்த வளையத்தைத் தேடி எடுத்துவந்து, கடை அம்மாவுக்கு அவரே போன் போட்டார். "நான்தாம்மா தப்பாச் சொல்லிட்டேன். வேற வண்டி அனுப்புங்க, கட்டி இழுக்குற வண்டியும் அனுப்புங்க" என்று சொல்வது இவர்கள் காதிலும் விழுந்தது.

வண்டி வரும் வரை செக்போஸ்ட்டின் நிழலில் மாமனும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மா உங்ககிட்ட கேட்டது எனக்கும் கேட்டுச்சு மாமா. கதவு திறந்துதான் இருந்துச்சு."

நிதானம் அவன் பக்கம் திரும்பினார்.

"நான் உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். எனக்கும் எந்தச் சத்தமும் கேக்கல. அதை அம்மாகிட்ட அப்பவே சொன்னேன். மயக்க மருந்துல உளர்றேன்னு நெனச்சாங்க. அப்புறம் எனக்கே கொழப்பம். உங்க காதுக்கு மட்டும் ஏதாவது கேட்டிருக்குமோன்னு. எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். கேக்கணும்னு வருவேன், கேக்க மாட்டேன்."

"இப்ப கேளு."

"இப்ப எதுக்கு? கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க. இன்னைக்குத்தான் கண்ணால பாத்துட்டனே."

நிதானம் எழுந்து வண்டியின் பின்னால் போனார். கண்ணாடிகளைக் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தும் வெகுநேரம் அதையே இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். மச்சினன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புதுப் புல்லி, புது பெல்ட், புது ரேடியேட்டர் எல்லாம் மாட்டி வண்டி வர ஒரு வாரம் ஆயிற்று. முதல் லோடுக்கு மச்சினன் கூப்பிடாமலேயே வந்து ஏறிக்கொண்டான். ஏற்றத்தில் எஞ்சின் சீராக இழுத்தது. கியர் தண்டில் குறுகுறுப்பு இல்லை. உச்சியைத் தாண்டி வண்டி இறங்கத் தொடங்கியதும் நிதானத்தின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

"ஏதாவது கேக்குதா மச்சான்?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஸ்டீரிங்கைத் தொட்டுப் பாரு."

மச்சினன் எட்டி ஒரு விரலை வைத்தான். "வண்டி ஆடல. ஆடுறது நீங்கதான்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவன் விழித்தான். நிதானம் வாய்விட்டுச் சிரித்தார். நடுக்கம் அதற்காக நின்றுவிடவில்லை. ஆனால் இது தன்னுடையது, அது வண்டியுடையது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாவது கியரில், பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து அலுத்துப்போகும் வரை பொறுமையாக, முழு லோடையும் இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அவராகவே சொன்னார்: "வண்டியில கோளாறு இருந்துச்சு, சரியாயிருச்சு. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதையும் யார்கிட்டயாவது காட்டணும்."  நம்பாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்த மனைவியை, "நீ வந்தது காலையில. காலையில அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவரே தடுத்துவிட்டார்.

டாக்டரிடம் மனைவியும் கூடப் போனார். எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று டாக்டர் கேட்டதும், நிதானம் அந்த நேரான சாலையிலிருந்து ஆரம்பித்தார். சக்கரம் மடங்கியது, சுவர் எதிரே வந்தது, திரும்பிப் பார்த்தால் மச்சினன் கத்தாமல் வாயை மட்டும் திறந்துகொண்டிருந்தது, எதையும் விடவில்லை. மனைவிக்கு அதில் பாதி புதிது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதெல்லாம் தெரியாதே என்று அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே காத்திருந்தவர்கள் கதவை இரண்டு முறை தட்டினார்கள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், ஒரு மாதம் கழித்து மறுபடி வாருங்கள், வண்டி ஓட்டுவதை விட வேண்டாம் என்றார். நிதானம் விடவும் இல்லை.